அம்மா தவறிய பிறகும் முதியோர் உதவித்தொகை வருகிறதா?

அம்மா தவறி இரண்டு மாதம் ஆகியும் முதியோர் உதவித்தொகை 1,200 ரூபாய் கணக்கில் ஏறுகிறது, ஏடிஎம் கார்டு கையில் இருக்கிறது, எடுக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். எடுக்காதீர்கள் சார். காரியச் செலவுக்கே என்றாலும் அது அரசுப் பணம், திரும்பக் கேட்பார்கள். மாநகராட்சி இணையதளத்தில் இறப்புச் சான்றிதழை இறக்கிக்கொண்டு, தாலுகா அலுவலகத்தில் சமூகப் பாதுகாப்புத் திட்டத் தனி வட்டாட்சியரிடம் எழுதிக் கொடுங்கள். தபாலில் வேண்டாம், நேரில் கொடுத்து, உங்கள் நகலில் தேதியோடு சீல் வாங்கிவிடுங்கள். நாளைக்கு யாராவது கேட்டால் அதுதான் பேசும். அப்புறம் வங்கி. அம்மாவின் பழைய சேமிப்பு நாமினிக்கு வரும், அதில் வில்லங்கம் இல்லை. ரேஷன் கார்டில் பெயர் நீக்க, சென்னையில் என்றால், மாதத்தின் இரண்டாம் சனிக்கிழமை உணவுப் பொருள் வழங்கல் துறையின் மண்டல உதவி ஆணையர் அலுவலகத்தில் நடக்கும் குறைதீர் முகாமுக்குப் போங்கள்.