குளிசையோடு பூனைக்காலித் தூளும் கொடுக்கலாமா?

கேள்வி: அப்பாவுக்கு 68 வயது. பார்கின்சன் என்று திருகோணமலை ஆஸ்பத்திரிக் கிளினிக்கில் லெவோடோபா குளிசை தருகிறார்கள். கை நடுக்கம் குறைந்துவிட்டது, நடைதான் இன்னும் மெது. சொந்தக்காரர் ஒருவர் பூனைக்காலி விதைத் தூள் வாங்கித் தந்து, மூலிகைதானே, பக்கவிளைவு கிடையாது, குளிசையை நிறுத்திவிடலாம் என்கிறார். கொடுக்கலாமா? மஞ்சளும் கோப்பியும் நல்லதாமே?
- வாசகி, உப்புவெளி

பதில்: தங்கச்சி, அந்தத் தூளை இப்போதைக்கு எடுத்து வையுங்கள். பூனைக்காலி வேலை செய்யும், என் பயமே அதுதான். அப்பா விழுங்குகிற அதே லெவோடோபா அந்த விதையிலும் இருக்கிறது, 1937இலேயே சென்னையில் தாமோதரன், ராமசாமி என்ற இருவர் பிரித்தெடுத்துக் காட்டிவிட்டார்கள். இந்த வருத்தத்தில் மூளையில் டோபமைன் என்ற, உடல் அசைவைச் சீராக நடத்தும் பொருளைச் சுரக்கும் கலங்கள் அழிகின்றன. டோபமைனை நேரே கொடுத்தால் மூளைக்குள் போகாது, லெவோடோபா போய் அங்கே டோபமைனாக மாறும். ஆகவே குளிசைக்கு மேல் தூளும் கொடுத்தால் ஒரே மருந்தை இரண்டு தடவை கொடுத்த கணக்கு: வாந்தி, எழும்பும்போது தலைச்சுற்று, கை கால் தன்பாட்டில் முறுகி ஆடுவது, இல்லாத ஆட்கள் கண்ணுக்குத் தெரிவது எல்லாம் வரலாம்.

லண்டனில் 8 நோயாளிகளிடம் செய்து 2004இல் வெளியான ஆய்வில், 30 கிராம் தூள் குளிசையைவிடச் சீக்கிரம் வேலை தொடங்கியது உண்மை. ஆனால் அது அளவு தெரிந்த தூள், டொக்டர்கள் கண்காணிப்பில் கொடுத்தது. கடைத் தூளில் ஒரு கரண்டிக்கு எவ்வளவு மருந்து என்று யார் சொல்வது? குளிசையைத் திடீரென்று நிறுத்துவது அதைவிட மோசம், கடுங்காய்ச்சலும் உடல் விறைப்பும் வந்து உயிருக்கே ஆபத்தாகலாம். தயவுசெய்து நிறுத்த வேண்டாம்.

கோப்பி குடிப்பவர்களுக்கு இந்த வருத்தம் குறைவாக வருவதாகப் பல ஆய்வுகள் சொல்கின்றன, வந்தவர்களுக்கு கஃபீன் கொடுத்துப் பார்த்து 2017இல் வெளியான ஆய்வில் பலன் இல்லை. மஞ்சளின் குர்குமின் உடம்பில் சேர்வதே கொஞ்சம். கறியில் போடுங்கள், மருந்தாக நம்ப வேண்டாம்.

சரி, நடைக்கு வருவோம். மீன், இறைச்சி, பருப்பிலுள்ள புரதம் லெவோடோபா உடம்பில் சேர்வதைக் குறைக்கும், நம் ஊரில் மீன் இல்லாத மத்தியானம் ஏது? குளிசையைச் சாப்பாட்டுக்கு அரை மணித்தியாலம் முந்திக் கொடுக்கலாமா என்று டொக்டரிடம் கேளுங்கள். இரும்புச்சத்துக் குளிசை எடுக்கிறார் என்றால் அதையும் சொல்லுங்கள், சேர்த்து விழுங்கினால் லெவோடோபா சரியாக ஏறாது. எந்த நேரத்தில் நடை இறுகுகிறது, குளிசை எத்தனை மணிக்கு, சாப்பாடு எத்தனை மணிக்கு என்று ஒரு கொப்பியில் எழுதி, அடுத்த கிளினிக்குக்கு அந்தத் தூள் பையோடு கொண்டுபோய்க் காட்டுங்கள்.