நீட்ஃபுல், ஸ்பிரிண்ட், ஸ்டோரி பாயிண்ட்: அக்காவிடம் கேட்டவை

மதுரை இலந்தைகுளம், வடபழஞ்சி மென்பொருள் நிறுவனங்களில் வேலை பார்ப்பவர்களும் சுற்றுவட்டாரக் கல்லூரி மாணவர்களும் கேட்ட கேள்விகள் இவை. பதில் சொல்பவர் திட்ட மேலாளராக இருந்தவர். இப்போது புதிதாக வேலைக்குச் சேர்பவர்களுக்கு அலுவலக ஆங்கிலம் கற்றுத் தருகிறார்.

அக்கா, ‘கைண்ட்லி டூ த நீட்ஃபுல்’ என்று எழுதினால் வெளிநாட்டு வாடிக்கையாளர்கள் சிரிக்கிறார்களாமே, அது தப்பா? (இலந்தைகுளம்)

இலக்கணப்படி தப்பே இல்லை, தம்பி. பழைய பிரிட்டிஷ் அலுவலக நடைதான். அங்கே வழக்கொழிந்துவிட்டது, இங்கே நம் ‘ஆவன செய்யுமாறு கேட்டுக்கொள்கிறேன்’ துணையோடு நிலைத்துவிட்டது. சிரிப்பவர்கள் சிரிக்கட்டும். என் புகார் வேறு. யார், எதை, எப்போது செய்ய வேண்டும் என்று சொல்லாமலே கடிதத்தை முடித்துவிட அது வழி செய்கிறது. ‘வியாழன் மாலைக்குள் சோதனை சர்வருக்கு எனக்கு அனுமதி தாருங்கள்’ என்று எழுதிவிட்டால் நீட்ஃபுல்லுக்கு அங்கே வேலையே இல்லை.

‘ரிவர்ட் பேக்’? (வாடிப்பட்டி)

‘பேக்’ வீண். பதில் எழுதுவதை ‘ரிவர்ட்’ என்பது இந்திய அலுவலகங்களில் வேரூன்றிவிட்டது, அகராதிகளும் பதிவு செய்கின்றன. ஆனால் உங்கள் தொழிலில் ஒரு வில்லங்கம் உண்டு. நிரலில் செய்த மாற்றங்களைப் பதிவு செய்து வைக்கும் கிட் மென்பொருளில் ‘ரிவர்ட்’ என்பது, ஏற்கெனவே சேர்த்த மாற்றத்தை நீக்கும் கட்டளை. ‘நேற்றைய மாற்றம் குறித்து, ப்ளீஸ் ரிவர்ட்’ என்ற கடிதத்தைப் படித்துவிட்டு அயல்நாட்டு நிரலாளர் உங்கள் வேலையையே நீக்கிவிட்டால் அவரைக் குறை சொல்ல முடியாது. ‘ரிப்ளை’ என்ற எளிய சொல் என்ன பாவம் செய்தது?

‘பிரீபோன்’ என்று ஒரு சொல்லே கிடையாது என்கிறார் எங்கள் குழுத் தலைவர். (திருநகர்)

குறித்த நேரத்தை முன்னதாக நகர்த்துவது என்ற பொருளில் ஆக்ஸ்ஃபோர்டு அகராதியில் இருக்கிறது, காட்டுங்கள். நம் நாட்டுக்குள் தாராளமாக எழுதலாம். வெளியே போகும் கடிதத்தில் அதற்குப் பதில் ‘மூவ்டு ஃபார்வர்ட்’ என்று போட்டால் தப்பித்துவிடலாம் என்று நினைக்காதீர்கள். கூட்டம் முன்னதாக வருகிறதா, தள்ளிப் போகிறதா என்று அதைப் படிக்கும் ஆங்கிலேயர்களே இரண்டாகப் பிரிவார்கள். தேதியை எழுதுங்கள்.

நேர்காணலில் ‘ஐ பாஸ்டு அவுட் இன் 2023’ என்று சொல்லலாமா? (உசிலம்பட்டி)

இந்தியருக்குப் பட்டம் வாங்கியது புரியும். மற்றவர்களுக்கு நீங்கள் மயங்கி விழுந்தது புரியும். ‘கிராஜுவேட்டட்’ போதும்.

தினமும் ‘ஸ்டாண்ட்-அப்’ கூட்டம் ஐம்பது நிமிடம் போகிறது. மேலாளர் ஒவ்வொருவரிடமும் நேற்று என்ன செய்தாய் என்று விசாரிக்கிறார். (வடபழஞ்சி)

அது வருகைப்பதிவு, அம்மா. வேலையைச் சில வாரச் சுற்றுகளாக, அதாவது ‘ஸ்பிரிண்ட்’களாகப் பிரித்துச் செய்யும் முறைதான் ஸ்கிரம். அதன் கையேட்டின்படி அந்தக் கூட்டம் 15 நிமிடம். வேலையைச் செய்பவர்கள் அன்றைய திட்டத்தைத் தங்களுக்குள் சரிசெய்துகொள்வதற்கு. ‘நேற்று என்ன, இன்று என்ன, தடை என்ன’ என்ற மூன்று கேள்விகளையும் 2020 பதிப்பில் எடுத்தேவிட்டார்கள். மேலாளருக்கு விவரம் வேண்டுமென்றால் காலையில் எழுத்தில் கொடுத்துவிடுங்கள். கேட்பதற்கு எதுவும் மிச்சமில்லை என்றால் கூட்டம் தானாகச் சுருங்கும்.

சித்திரைத் திருவிழா வாரத்தில் பாதிப் பேர் விடுப்பு. ஸ்பிரிண்ட் முடிவில் 40 ஸ்டோரி பாயிண்ட்தான் வந்தது. ‘ஹைதராபாத் குழு 60 எடுத்திருக்கிறதே’ என்று ஒரே குடைச்சல். (மேலூர்)

அழகர் ஆற்றில் இறங்கும் நாள் பஞ்சாங்கத்தில் முன்கூட்டியே இருக்கிறது. அந்த வாரத்துக்கு முழு வேலையை ஒதுக்கியவரைத்தான் முதலில் விசாரிக்க வேண்டும்.

இனி அந்த எண்ணுக்கு வருகிறேன். இந்த வேலை அந்த வேலையைவிட எவ்வளவு பெரியது என்று ஒரு குழு தனக்குள் பேசிக்கொள்ள வைத்த குத்துமதிப்புதான் ஸ்டோரி பாயிண்ட். 1, 2, 3, 5, 8 என்று தாவித் தாவி எண் கொடுப்பதே ஆறா ஏழா என்ற சண்டை வராமலிருக்கத்தான். அது எக்ஸ்ட்ரீம் புரோகிராமிங் என்ற இன்னொரு மென்பொருள் முறையின் பக்கமிருந்து வந்த பழக்கம். ஸ்கிரம் கையேட்டில் அந்தச் சொல்லே கிடையாது. எக்ஸ்ட்ரீம் புரோகிராமிங்காரர்களில் ஒருவரான ரான் ஜெஃப்ரீஸ், ஸ்டோரி பாயிண்டைத் தாமே கண்டுபிடித்திருக்கலாம் என்றும், அப்படியானால் இப்போது வருந்துவதாகவும் எழுதியிருக்கிறார்.

இரண்டு பூக்காரம்மாக்களின் கை முழம் ஒன்றாக இருக்காது. ஹைதராபாத் அறுபதும் மதுரை நாற்பதும் அப்படித்தான். அடுத்த முறை மேலாளர் 60 கேட்டால் 60 நிச்சயம் வரும்: நேற்று 3 போட்ட வேலைக்கு நாளை 5 போடுவார்கள். மென்பொருளில் ஒரு வரி கூடியிருக்காது. அதனால் பாயிண்டைப் பற்றி வாதாடாதீர்கள். எந்த வேலை எந்தத் தேதியில் தொடங்கி எந்தத் தேதியில் முடிந்தது என்ற பட்டியலை மேசையில் வையுங்கள். இடையில் யாருடைய பதிலுக்காக எத்தனை நாள் காத்திருந்தீர்கள் என்பதும் அதில் இருக்கட்டும். அதற்குப் பிறகு ஹைதராபாத் பேச்சு வராது.

‘வாட்டர்ஃபால்’ முறையை வின்ஸ்டன் ராய்ஸ் உருவாக்கினார் என்று பாடத்தில் இருக்கிறது. (திருமங்கலம்)

தேர்வில் அப்படியே எழுதிவிடுங்கள், மதிப்பெண் முக்கியம். 1970-இல் அவர் எழுதிய கட்டுரையில் அந்தச் சொல் கிடையாது. ஒரு கட்டம் முடிந்த பிறகே அடுத்தது என்று படிகளை வரைந்து காட்டியவர், அப்படியே செயல்படுத்தினால் ஆபத்து, தோல்வியை வரவழைக்கும் என்று அங்கேயே சொல்லிவிட்டார். படத்தோடு நிறுத்திக்கொண்டார்கள் படித்தவர்கள்.

ஸ்பிரிண்ட் பாதியில் வாடிக்கையாளர் புது வேலையைத் திணிக்கிறார். ‘அஜைல் என்றால் மாற்றத்தை ஏற்பதுதான்’ என்கிறார்கள். (இலந்தைகுளம்)

ஸ்கிரம் போன்ற முறைகளுக்குப் பொதுப்பெயர்தான் அஜைல். 2001 பிப்ரவரியில் அமெரிக்காவின் ஸ்னோபேர்டில் 17 பேர் கூடி எழுதிய அஜைல் அறிக்கையில், திட்டத்தைப் பின்பற்றுவதைவிட மாற்றத்துக்கு ஏற்ப நடப்பது மேல் என்று இருப்பது உண்மை. திட்டத்துக்கும் மதிப்பு உண்டு என்று அதே அறிக்கை முடிவில் சொல்கிறது. அந்த வரி மேலாளர்கள் கண்ணில் மட்டும் படுவதில்லை. ஸ்பிரிண்டின் இலக்கைக் குலைக்கும் மாற்றம் கூடாது என்பது ஸ்கிரம் கையேட்டின் விதி. முடியாது என்று முகத்தில் அடித்தாற்போலச் சொல்ல வேண்டாம். ‘இதைச் சேர்க்கிறோம், பதிலுக்கு எதை எடுத்துவிடலாம்?’ என்று, எந்த வேலை முதலில் என்று முடிவு செய்யும் புராடக்ட் ஓனரிடம் எழுத்தில் கேளுங்கள்.

ஸ்கிரம் மாஸ்டர் சான்றிதழுக்குப் பணம் கட்டலாமா அக்கா? (திருப்பரங்குன்றம்)

குழு ஸ்கிரம் முறைப்படி நடக்கத் துணை நிற்பவர்தான் ஸ்கிரம் மாஸ்டர். வேலை விளம்பரத்தில் அந்தச் சான்றிதழைக் கேட்டிருந்தால் கட்டுங்கள். ஸ்கிரம் கையேடு இணையத்தில் இலவசம். பதினைந்து பக்கம்கூட இராது, முதலில் அதைப் படித்துவிடுங்கள். சேருமுன், பயிற்சி நடத்துபவர் எந்த மாதிரித் திட்டங்களில் எத்தனை வருடம் வேலை பார்த்தார் என்று விசாரியுங்கள். மழுப்பினால் பணம் மிச்சம்.