ஸ்ட்ரோக் வந்தவங்க தலையில ஐஸ் வெச்சா மூளை டேமேஜ் ஆகாதாமே, உண்மையா?

இந்தக் கேள்விய பாத்ததும் எங்க மாமா ஞாபகம்தான் வந்துச்சு. காசிமேடு ஹார்பர்ல மீன் ஏலத்துல நிக்கிறவரு. ஒருநாள் விடிகாலையில டீ கிளாஸ் கையிலேந்து நழுவிடுச்சு, குனிஞ்சு எடுக்கப் போனா வலது கை வரல, வாய் ஒரு பக்கம் கோணிகிச்சு, பேச்சு குழறுது. அங்க கைக்கு எட்டுற தூரத்துல இருக்கறது ஐஸ்தானே, போட்டுல ஏத்த ஒடச்சு வெச்சிருந்தத துண்டுல அள்ளிக் கட்டி தலையில வெச்சிட்டாங்க. "மீனே கெடாம கீது, மூளை இன்னா கெட்டுடப் போவுது"ன்னு ஒருத்தர் சொன்னாராம். எனக்கு போன் வந்தப்ப முக்கா மணி நேரம் போயிடுச்சு. நான் ஐசியூல ஸ்டாஃப் நர்ஸ், போன்லயே கத்துனேன், மொதல்ல 108க்கு போடுங்க, வாயில ஒண்ணும் ஊத்தாதீங்கன்னு (அதுக்குள்ள யாரோ சோடா குடுத்திருந்தாங்க, நல்லவேளை புரையேறல).

ஆனா அந்த மனுசன் சொன்னது முழுசா தப்புன்னும் சொல்ல மாட்டேன். உடம்பு சூடு ஒரு டிகிரி செல்சியஸ் எறங்குனா மூளைக்கு வேண்டிய ஆக்சிஜன் 6, 7 சதவீதம் கொறையும். நெஞ்சுல பெரிய ரத்தக்குழாய் ஆபரேஷன் சிலதுல உடம்பயே 20 டிகிரி பக்கம் எறக்கிட்டு கொஞ்ச நேரம் ரத்த ஓட்டத்தையே நிறுத்துவாங்க, மூளை தாங்கும். அப்போ ஸ்ட்ரோக்குக்கும் பண்ணா என்னன்னு டாக்டருங்களுக்கும் தோணாம இல்ல.

பிரச்சனை எங்கன்னா, வஞ்சிரம் செத்த மீனு, அதுக்குள்ள ரத்தம் ஓடல. மனுசன் மூளைக்கு நிமிஷத்துக்கு முக்கா லிட்டர் கிட்ட சூடான ரத்தம் ஏறிட்டே இருக்கு, மேல மண்டை ஓடு வேற, வெளிய துண்டுல ஐஸ் கட்டுனா தோலும் முடியும்தான் ஜில்லுன்னு ஆகும். நெஜமா கூல் பண்ணணும்னா மொத்த உடம்பயும் எறக்கணும், ஐஸ் மாதிரி சலைன் ஏத்தணும், இல்ல தொடை வழியா பெரிய ரத்தக்குழாய்ல கூல் பண்ற ட்யூப் போடணும். முழிச்சிட்டு இருக்கற ஆளுக்கு இத பண்ணா நடுங்குவாரு, நடுங்குனா உடம்பு இன்னும் சூட்ட கெளப்பும், அத அடக்க பெத்திடின் மாதிரி மருந்து, அதுல மயக்கம், அப்புறம் சளி நெஞ்சுல எறங்கி நிமோனியா. ஐரோப்பால யூரோஹிப்-1னு ஒரு ட்ரையல், 1500 பேர சேக்கணும்னு ஆரம்பிச்சு 98 பேரோட நின்னு போச்சு, பலருக்கு நெனச்ச அளவு சூட்டையே எறக்க முடியல, பலன்னு காட்டவும் ஒண்ணும் கெடைக்கல. அதனால இன்னிக்கு வரைக்கும் ஸ்ட்ரோக்குக்கு இது வழக்கமான வைத்தியம் கெடையாது.

மூளைய காப்பாத்துறது ரத்தக்குழாய்ல இருக்கற அடைப்ப எடுக்கறதுதான். சிடி ஸ்கேன்ல ரத்தக்கசிவு இல்லன்னு பாத்துட்டு அடைச்சிருக்கற ரத்தக்கட்டிய கரைக்கிற ஊசி, நாலரை மணி நேரத்துக்குள்ள, அதுலயும் எவ்ளோ சீக்கிரமோ அவ்ளோ நல்லது. பெரிய குழாய் அடைப்புன்னா ட்யூப் விட்டு கட்டிய இழுத்து எடுப்பாங்க, அது சிலருக்கு 24 மணி நேரம் வரைக்கும் கூட. பெரிய அடைப்பு இருந்தா ஒரு நிமிஷத்துக்கு 19 லட்சம் நியூரான் சாகுதுன்னு ஒரு கணக்கு உண்டு. நான் அந்த முக்கா மணி நேரத்த இதால பெருக்கிப் பாத்து ஒரு ராத்திரி தூங்கல.

மாமாக்கு ஊசி டைம்முக்குள்ள போட்டாச்சு. மூணாம் நாள் ஜுரம் 101 போச்சு. ஸ்ட்ரோக் வந்த மூளைக்கு ஜுரம் ஆவாது, டேமேஜ் கூடும், அதனால நாங்க டெம்பரேச்சர் சார்ட்ட விடவே மாட்டோம், பாராசிட்டமால் குடுத்துட்டு நான் துணிய சாதா தண்ணில நனைச்சு உடம்ப தொடச்சு விட்டுட்டிருந்தேன். மாமி பாத்துட்டே இருந்துட்டு கேட்டாங்க, "அன்னிக்கு ஐஸ் வெச்சதுக்கு அந்த கத்து கத்துன, இப்ப நீயே ஈரத்துணியோட நிக்கிற?" நான் எறக்கல மாமி, ஏற விடாம பாத்துக்கறேன்னு சொன்னேன். மாமா கோணலா சிரிச்சாரு, அது வாய் கோணுனதா நக்கலான்னு எனக்கு தெரியல.