புளி புலியானால் ஆகட்டுமே

கேள்வி: மீன்பிடி தடைக்காலமும் பள்ளி லீவும் ஒன்றாக வந்ததில் வீடு நிறையப் பிள்ளைகள். எழுத்துப்பிழை இல்லாமல் எழுதும் போட்டிக்கு வருகிற மாணவர்கள், ஆளுக்கொரு மந்திர சக்தி, இப்படி ஒரு கதை விளையாட்டை என் தம்பி சொல்லிக் கொடுத்தான். அண்ணன் மகனுக்கு ல, ள, ழ தகராறு. முதல் சுற்றிலேயே அவுட். இப்போது கூப்பிட்டாலும் வருவதில்லை. நிறுத்திவிடலாமா?
– வாசகி, பாம்பன்

பதில்: விளையாட்டை நிறுத்த வேண்டாம், அந்த 'அவுட்'டைத் தூக்கிவிடுங்கள். 1974இல் 'டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' என்ற கதை விளையாட்டு வந்த காலத்திலிருந்தே இந்த வகை ஆட்டத்தில் ஒருவர் கதையை நடத்துவார், மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரமாகப் பேசுவார்கள், நடக்குமா நடக்காதா என்று இழுபறியான இடத்தில் பகடை உருட்டுவார்கள். பொதுவாக இதில் ஜெயித்தவர் தோற்றவர் கணக்கு கிடையாது. உங்கள் வீட்டில் நடப்பது மந்திரம் தூவிய டிக்டேஷன், பையன் ஓடாமல் என்ன செய்வான்?

தப்பாக எழுதினால் எழுதியது அப்படியே நடக்கட்டும், அவ்வளவுதான். புளிக்குழம்புக்கு 'புலி' போட்டானா, சட்டிக்குள்ளிருந்து உறுமல் கேட்கட்டும். 'பல்லிக்கூடம்' என்று எழுதினானா, ஹெட்மாஸ்டர் உத்தரத்தில் ஒட்டிக்கொண்டு உச்சுக்கொட்டுவார், எந்தத் திசையில் சொன்னார், என்ன பலன் என்று பாட்டி பஞ்சாங்கத்தைப் புரட்டுவார். இந்த ஆட்டத்தில் உங்கள் அண்ணன் மகன்தான் பெரிய மந்திரவாதி!

சக்திகளுக்கு வெளியே போக வேண்டாம், கச்சான் காற்று ஒன்று போதும். அது வீசினால் சொல்லிலிருந்து ஒரு கால் பறந்துவிடும், 'பாடம்' 'படம்' ஆகி வகுப்பே சினிமாக் கொட்டகையாகிவிடும். பகடைக்கு ஆறு சோழி. நான்கோ அதற்கு மேலோ நிமிர்ந்து விழுந்தால் சக்தி பலிக்கும், ஆறும் கவிழ்ந்தால் வீசியவர் மேலேயே திரும்பும்.

நன்றாக எழுதுகிற பிள்ளைகள் "எங்களுக்கு என்ன வேலை?" என்று சண்டைக்கு வருவார்கள். புலியைத் திரும்பப் புளியாக்கும் அதிகாரம் அவர்களுக்குத்தான், ஆனால் ஒவ்வொரு திருத்தத்துக்கும் கையிலிருக்கும் சோழியில் ஒன்றைக் கீழே வைக்க வேண்டும். அமெரிக்காவில் நடக்கும் ஸ்கிரிப்ஸ் ஸ்பெல்லிங் பீ என்ற எழுத்துக்கூட்டும் போட்டியில் சொல்லின் பொருள், எந்த மொழிச் சொல், ஒரு வாக்கியம் என்று கேட்டுக்கொள்ளலாம், அதையும் இங்கே ஒரு சோழிக்கு விற்கலாம். (அந்தப் போட்டியிலேயே 2019இல் எட்டுப் பேரைச் சேர்த்து வெற்றியாளராக அறிவித்தார்கள், நம் திண்ணையில் ஒருவர்தான் ஜெயிக்க வேண்டும் என்று யார் சொன்னது?)

நடத்துவதற்கு, ஜூன் 14 வரை கடலுக்குப் போகாத உங்கள் அண்ணனையே உட்கார வையுங்கள். ஆனால் சொற்களை நீங்களே வாசியுங்கள். டிவி செய்தி மாதிரி ழகரத்தை அழுத்தாதீர்கள், வாளப்பளம் என்று வீட்டில் சொல்கிறபடியே சொல்லுங்கள், அப்போதுதான் நன்றாக எழுதுகிறவர்களும் ஒன்றிரண்டு பூதத்தைக் கிளப்புவார்கள்.