ஆண்டீஸ் மலைகள்: கேட்டவையும் சொன்னவையும்

கே: ஆண்டீஸ் எத்தனை நாடுகளில் இருக்கிறது, எப்படி உருவானது?

ப: ஏழு நாடுகள். வடக்கே வெனிசுவேலாவில் தொடங்கி கொலம்பியா, எக்குவடோர், பெரு, பொலிவியா வழியாக சிலி, அர்ஜென்டினா வரை சுமார் 7,000 கி.மீ. பூமியின் மேலோடு பெரிய பாளங்களாக, அதாவது தட்டுகளாக, பிரிந்திருக்கிறது; பசிபிக் கடலடியில் இருக்கும் நாஸ்கா தட்டு தென் அமெரிக்கத் தட்டுக்கு அடியில் நுழைந்துகொண்டே இருக்கிறது, அந்த நெருக்கலில் எழும்பியதுதான் இந்த மலை. நெருக்கல் இன்னும் நிற்கவில்லை, எரிமலையும் நிலநடுக்கமும் அங்கே ஓயாததற்கு அதுதான் காரணம்.

கே: எவரெஸ்ட்டை விட உயரமான மலை எக்குவடோரில் இருக்கிறது என்கிறார்களே, உண்மையா அண்ணா?

ப: சிம்போராசோவைச் சொல்கிறீர்கள். கடல்மட்டத்திலிருந்து அளந்தால் அது 6,263 மீட்டர்தான், ஆண்டீஸிலேயே அர்ஜென்டினாவின் அகோன்காகுவா (6,961 மீ) அதைவிட உயரம். ஆனால் பூமி நடுக்கோட்டில் கொஞ்சம் புடைத்திருக்கிறது இல்லையா, சிம்போராசோ அந்தப் புடைப்பின் மேல் உட்கார்ந்திருப்பதால் பூமியின் மையத்திலிருந்து அளந்தால் அதன் உச்சி எவரெஸ்ட்டை விட சுமார் 2 கி.மீ. தள்ளி இருக்கிறது.

கே: மலை நடுவில் இருக்கும்போது சிலிக்கும் அர்ஜென்டினாவுக்கும் எல்லைத் தகராறு எதற்கு?

ப: இந்தக் கேள்விக்காகத்தான் காத்திருந்தேன். 1881 ஒப்பந்தத்தில், நீரைப் பிரிக்கும் மிக உயர்ந்த சிகரங்கள் வழியாக எல்லை போகும் என்று எழுதினார்கள். உயர்ந்த சிகரங்களும் நீர்ப்பிரிமேடும் (ஆறுகள் எந்தக் கடலுக்குப் போகும் என்று பிரிக்கும் மேடு) ஒரே கோட்டில்தான் இருக்கும் என்ற நம்பிக்கை. வடக்கே பெரும்பாலும் அப்படித்தான். தெற்கே பட்டகோனியாவில் கதை வேறு, அங்கே உயர்ந்த சிகரங்களுக்குக் கிழக்கே பிறக்கும் ஆறுகள் சில மலைத்தொடரையே அறுத்துக்கொண்டு மேற்கே பசிபிக்குக்குப் போய்விடுகின்றன. சிலி நீர்ப்பிரிமேட்டைக் கேட்டது, அர்ஜென்டினா சிகரங்களைக் கேட்டது, நடுவில் சிக்கியது வளமான பள்ளத்தாக்குகள்.

1898இல் அர்ஜென்டினா தரப்பின் நிபுணர் பிரான்சிஸ்கோ மொரேனோ ஒரு காரியம் செய்தார். பசிபிக் பக்கம் போய்க்கொண்டிருந்த ஃபெனிக்ஸ் என்ற சிற்றாற்றை ஒரு வாய்க்கால் வெட்டி அட்லாண்டிக் பக்கம் திருப்பிக் காட்டினார். மண்வெட்டி போட்டால் மாறிவிடும் ஒரு கோடு எல்லையாக இருக்க முடியுமா என்பது வாதம். நான் படித்த புவியியல் வாதங்களில் இதைவிட அழகானது இல்லை. கடைசியில் 1902இல் பிரிட்டன் மன்னர் ஏழாம் எட்வர்டு இருவருக்கும் பங்கு வைத்துத் தீர்ப்பு சொன்னார். அதற்குச் சில மாதங்கள் முன்பு, தகராறில் இருந்த, பட்டகோனியாவின் டிரெவெலின் பக்கத்துப் பள்ளத்தாக்கில் குடியேறியிருந்த வேல்ஸ் மக்களிடம் எந்த நாடு வேண்டும் என்று கேட்டபோது அவர்கள் அர்ஜென்டினா என்றார்கள். தெற்குப் பட்டகோனியப் பனிப்பரப்பில் ஒரு பகுதிக்கு இன்றுவரை கோடு முடிவாகவில்லை.

கே: பொலிவியாவுக்குக் கடலே இல்லை, கடற்படை எப்படி?

ப: கடற்கரை இருந்தது. 1879இல் தொடங்கிய போரில் சிலியிடம் இழந்தார்கள். இப்போது அந்தப் படை 3,812 மீட்டர் உயரத்தில் இருக்கும் டிட்டிகாக்கா ஏரியிலும் ஆறுகளிலும் இருக்கிறது. அவர்களுக்கு அந்தக் கடற்கரை இன்னும் ஆறாத வலி.

கே: அவ்வளவு உயரத்தில் இன்கா மக்கள் என்ன சாப்பிட்டார்கள்?

ப: உருளைக்கிழங்கு! நம் மசால் தோசைக்குள் இருக்கும் கிழங்கின் பூர்வீகம் டிட்டிகாக்காவைச் சுற்றிய மேட்டு நிலம்தான். அங்கே சுன்யோ என்று ஒன்று செய்வார்கள். கிழங்கை உறைபனி இரவுகளில் வெட்டவெளியில் பரப்பிவைத்து, பகல் வெயிலில் இளகியதும் வெறுங்காலால் மிதித்து நீரைப் பிழிந்து, திரும்பக் காயவைப்பார்கள். நம் வற்றல் மாதிரிதான், ஆனால் வெயிலோடு பனியும் வேலை செய்கிறது. வருடக்கணக்கில் கெடாது. இன்கா அரசின் களஞ்சியங்களில் இதைச் சேமித்து வைத்திருந்தார்கள், இப்போதும் அந்த ஊர்களில் செய்கிறார்கள்.

கே: சார், அடுத்த வருடம் அம்மாவுடன் மச்சு பிச்சு போகிறேன். மூச்சு வாங்குமா?

ப: பெருவில் இருக்கும் பழைய இன்கா நகரம் மச்சு பிச்சு 2,430 மீட்டர் உயரம்தான், விமானத்தில் போய் இறங்கும் குஸ்கோவோ 3,400. அதனால் இறங்கியதும் குஸ்கோவில் தங்காமல் கீழே உருபாம்பா பள்ளத்தாக்குக்குப் போய் இரண்டு நாள் இருங்கள், மச்சு பிச்சுவை முடித்துவிட்டு அப்புறம் குஸ்கோவைப் பாருங்கள். அம்மாவுக்கு இதயம், நுரையீரல் தொந்தரவு ஏதாவது இருந்தால் டிக்கெட் போடும் முன்பே மருத்துவரிடம் கேட்டுவிடுங்கள். முதல் நாள் படியேற வேண்டாம்.