ஒரே ஊரில் இருந்தும் குடிசைப் பகுதியில் மட்டும் ஏன் நோய் அதிகம்?

"காரைக்குடி மாதிரி ஊரில் அரசு மருத்துவமனை எல்லோருக்கும் பொதுதானே, அப்புறம் ஏன் குடிசைப் பகுதியில் நோய் அதிகம்?" என்று கேட்டிருக்கிறீர்கள். மருத்துவமனை வாசலை மிதிக்கும் முன்பே, குடியிருக்கும் வீடு பாதியைத் தீர்மானித்துவிடுகிறது.

செட்டிநாட்டுப் பெரிய வீடுகளில் வளவு எனும் உள்கட்டுக்கு நடுவே திறந்த முற்றம். காற்றும் வெயிலும் தாராளம். ஜன்னல் இல்லாத ஒற்றை அறையில் ஐந்தாறு பேர் படுத்து, அங்கேயே விறகெரித்துச் சமைத்தால் என்ன ஆகும்? காசநோய் காற்றில் பரவுவது. ஒருவர் இருமினால் எல்லோருக்கும் ஆபத்து. ஓர் அறைக்கு மூன்று பேருக்கு மேல் இருந்தாலே நெரிசல் என்கிறது ஐ.நா.வின் வாழ்விட அமைப்பு.

அடுத்தது தண்ணீர். குழாயில் சில நாளுக்கு ஒருமுறைதான் வரும் என்றால் டிரம்மில் பிடித்துவைக்கத்தான் வேண்டும். டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு அந்த நல்ல தண்ணீரில்தான் முட்டையிடும். முட்டை கொசுவாக மாற ஒரு வாரம், பத்து நாள் போதும். இதைப் பார்த்து "அவர்களுக்குச் சுத்தம் தெரியாது" என்பது பெரிய அநியாயம்.

சிகிச்சை இலவசம்தான், சரி. ஆனால் காலையில் வரிசையில் நின்றால் அன்றைய கூலி போச்சு. அதனால் நோய் முற்றியபிறகே போகிறார்கள். 2021-இல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' சர்க்கரை, ரத்த அழுத்த மாத்திரைகளை வீட்டுக்கே கொண்டுவருவது இந்த இடத்தில்தான் உதவுகிறது. ஆனால் கழிவுநீர்க் கால்வாயை மாத்திரையால் சரிசெய்ய முடியாது. பட்டா இல்லாத இடத்தில் யாரும் துணிந்து கழிப்பறை கட்டமாட்டார்கள். என்னைக் கேட்டால் முதலில் தீர்க்கவேண்டியது இந்தப் பட்டா பிரச்சினையைத்தான்.