வேர்க்க வைக்க ஒரு லட்சம் ரூபாயா, டீச்சர்?

கேள்வி: நான் ஓய்வுபெற்ற ஆசிரியை, வயது 61, தக்கலை பக்கம். 12 வருடமாக சுகர். பிரஷருக்கு இரண்டு மாத்திரை, அதில் ஒன்று நீர் மாத்திரை. இரண்டு முட்டும் வலி, காலையில் எழுந்து பாத்ரூம் போய் வருவதற்குள் உயிர் போகிறது. உள்ளங்கால் கொஞ்சம் மரத்த மாதிரியும் இருக்கிறது. கத்தாரில் இருக்கும் மகன் வீட்டில் வைக்கிற இன்ஃப்ராரெட் சானா பெட்டி வாங்கித் தருகிறேன் என்கிறான், விலை ஒரு லட்சத்துக்கு மேல். முட்டுவலி போகும், கழிவெல்லாம் வேர்வையில் வெளியேறும், எடை குறையும் என்று வீடியோவில் சொல்கிறார்கள். உண்மையா? போன வருடம் ஸ்டென்ட் வைத்த என் வீட்டுக்காரரும் அதில் உட்காரலாமா?

பதில்: டீச்சர், பணம் மகன் பாடு, உடம்பு உங்கள் பாடு. அதனால் உடம்பைப் பற்றிப் பேசுவோம்.

ரப்பர் ஷீட் காயப்போடும் புகைப்புரைக்குள் எப்போதாவது எட்டிப் பார்த்திருப்பீர்கள். கதவைத் திறந்ததும் முகத்தில் அனல் அடிக்கும், ஏனென்றால் உள்ளே காற்றே சுட்டுக் கிடக்கிறது. பின்லாந்துக்காரர்களின் பழைய சானா அந்த வகை, காற்றை 80 முதல் 100 டிகிரி வரை காய வைத்து அதற்குள் உட்காருவார்கள். இன்ஃப்ராரெட் பெட்டி வேறு வகை. விறகடுப்பு முன்னால் குத்தவைத்தால் முகமும் முழங்காலும் சுடும், முதுகு குளிர்ந்தே இருக்கும், இல்லையா? காற்றைச் சூடாக்கி அதன் வழியாக வராமல் கதிராக நேரே உடம்பில் வந்து படுகிற அந்தச் சூடுதான் இன்ஃப்ராரெட். 1800-ல் வில்லியம் ஹெர்ஷல் சூரிய ஒளியை நிறம் நிறமாகப் பிரித்து ஒவ்வொன்றிலும் தெர்மாமீட்டர் வைத்துப் பார்த்தபோது, சிவப்புக்கு அப்பால், கண்ணுக்கு ஒன்றுமே தெரியாத இடத்தில் சூடு ஏறியது, அப்படித்தான் இது பிடிபட்டது. ஆகவே பெட்டிக்குள் எரிகிற சிவப்பு, நீல விளக்கெல்லாம் வெறும் அலங்காரம், வேலை செய்வது சுவரில் பதித்திருக்கும் கார்பன் அல்லது செராமிக் தகடு. உள்ளே காற்று 45 முதல் 60 டிகிரிக்குள் இருக்கும், அதனால் மூச்சு முட்டாது, கொஞ்சம் கூடுதல் நேரம் உட்காரலாம்.

ஒன்றரை அங்குல ஆழம் உள்ளே போய் மூட்டையே சூடாக்கும் என்று விற்கிறவர்கள் சொல்வார்கள். அது சரியில்லை. இந்தப் பெட்டிகளில் பெரும்பாலும் வருவது நீண்ட அலை இன்ஃப்ராரெட். தோலில் இருக்கும் தண்ணீரே அதை உறிஞ்சிவிடும், ஒரு மில்லிமீட்டர்கூடத் தாண்டாது. அதற்கப்புறம் சூட்டை உள்ளே கொண்டுபோவது உங்கள் ரத்தம். சொல்லப்போனால் நம் உடம்பே இந்தக் கதிரைத்தான் எந்நேரமும் வீசிக்கொண்டிருக்கிறது, கொரோனா சமயத்தில் கடை வாசலில் நெற்றிக்கு நேரே துப்பாக்கி மாதிரி நீட்டினார்களே, அது அளந்தது இதைத்தான்.

சரி, பலனே இல்லையா? இருக்கிறது. தோலின் ரத்தக்குழாய்கள் விரிகின்றன, இதயம் வேகமாக நடக்கும்போது துடிப்பதுபோல் துடிக்கிறது, தசை இளகுகிறது, பிரஷர் கொஞ்சம் இறங்குகிறது, வெளியே வந்தால் சுகமான களைப்பு, பலருக்கு அன்று ராத்திரி நல்ல தூக்கம். மூட்டுவாதம் உள்ளவர்களுக்கு உட்கார்ந்திருக்கும் நேரத்தில் வலியும் இறுக்கமும் குறைவதைச் சிறிய ஆய்வுகளில் பார்த்திருக்கிறார்கள், ஆனால் அது நிலைத்து நிற்பதில்லை. ஜப்பானில் இதய பலவீனக்காரர்களை 60 டிகிரி அறையில் 15 நிமிடம் வைத்து, பிறகு அரை மணி நேரம் போர்வையில் சுற்றிப் படுக்க வைக்கும் சிகிச்சை உண்டு, அது ஆஸ்பத்திரியில் டாக்டர் பார்வையில் நடப்பது. அடிக்கடி சானா போகிறவர்களுக்கு இதய மரணம் குறைவு என்று எல்லா விளம்பரத்திலும் வருகிற செய்தி, பின்லாந்தில் 2,315 ஆண்களைச் சுமார் 20 வருடம் கவனித்து 2015-ல் வெளிவந்தது. அவர்கள் உட்கார்ந்தது பழைய சூட்டுச் சானாவில். சானாவால்தான் குறைந்ததா, சானா போகிற அளவுக்கு ஆரோக்கியமாக இருந்ததால் குறைந்ததா என்று அதை வைத்து அடித்துச் சொல்லவும் முடியாது.

கழிவு வெளியேறுவது என்பது பெரும்பாலும் கதை. வேர்வை என்பது தண்ணீரும் உப்பும். கழிவு நீக்கும் வேலையை ஈரலும் சிறுநீரகமும் சம்பளமில்லாமல் பார்த்துக்கொண்டிருக்கின்றன. எடையும் அப்படியே, மெஷினில் குறைகிற அரைக் கிலோ ஒரு செம்பு மோர் குடித்தால் திரும்பி வந்துவிடும். வேர்வைதான் வேண்டுமென்றால் சித்திரை மாதம் நம் மாவட்டத்தில் மொட்டைமாடியில் துணி காயப்போட்டாலே போதும்!

இனி உங்கள் விஷயம். எனக்குக் கவலை முட்டு இல்லை, பாதம். மரத்த மாதிரி இருக்கிறது என்று போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள். சுகரில் நரம்பு பாதித்த காலுக்குச் சூடு தெரியாது. என்னிடம் ஒரு அக்கா வந்தார், ராத்திரி குளிருக்குச் சுடுதண்ணிப் பையைக் காலடியில் வைத்துத் தூங்கியவர். காலையில் பெட்ஷீட் ஈரமாக இருக்கிறதே, பை ஒழுகுகிறது போல என்று நினைத்திருக்கிறார். ஒழுகியது குதிகாலில் உடைந்த கொப்புளம். புண் ஆற மூன்று மாதம் ஆனது. பெட்டிக்குள் தகடு காலுக்குப் பக்கத்திலும் இருக்கும், இதை நினைத்துப் பாருங்கள்.

அடுத்தது நீர் மாத்திரை. அது ஏற்கெனவே உப்பையும் தண்ணீரையும் இறக்குகிறது, மேலே வேர்வையும் போனால் உட்கார்ந்திருக்கும்போது ஒன்றும் தெரியாது, எழுந்து நிற்கும்போதுதான் கண் இருட்டும். 61 வயதில் ஈரத் தரையில் கிறுகிறுத்து விழுந்து இடுப்பெலும்பு முறிந்தால், முட்டுவலியே தேவலை என்றாகிவிடும். இன்சுலின் போடுகிறவராக இருந்தால் இன்னொன்று, ஊசி போட்ட இடம் சூடானால் மருந்து வேகமாக ஏறி சுகர் சட்டென்று இறங்கலாம்.

முட்டுக்குச் சூடு நல்லதுதான், ஆனால் முட்டுக்கு மட்டும் கொடுத்தால் போதும். நொச்சியிலை போட்டுக் காய்ச்சிய தண்ணீரில் துணி முக்கிப் பிழிந்து ஒத்தடம், கால் மரத்திருப்பதால் வீட்டில் வேறு யாராவது முதலில் கையில் வைத்துச் சூடு பார்க்க வேண்டும். அது ஆறுதல், சிகிச்சை தொடைத் தசையைப் பலப்படுத்துவது. நாற்காலியில் உட்கார்ந்து ஒரு காலை நேராக நீட்டி, பத்து எண்ணும் வரை பிடித்து மெல்ல இறக்குங்கள். ஒரு காலுக்குப் பத்து தடவை, காலையும் மாலையும். ஆறு வாரம் விடாமல் செய்துவிட்டு எனக்கு எழுதுங்கள்.

இதையெல்லாம் கேட்டும் மகன் பெட்டியை அனுப்பியே தீருவான் என்றால் (அனுப்புவான், பிள்ளைகள் அப்படித்தான்), பாதத்தைச் சோதித்து டாக்டர் சரி சொன்ன பிறகு 45 டிகிரியில் பத்து நிமிடத்தோடு ஆரம்பியுங்கள். காலுக்கு அருகே உள்ள தகட்டை அணைத்துவிடுங்கள். வெறும் வயிற்றில் வேண்டாம், காய்ச்சல் அன்று வேண்டாம், வீட்டில் ஆள் இல்லாதபோது வேண்டவே வேண்டாம். கொஞ்சம் தண்ணீர் குடித்துவிட்டுப் போங்கள், முடிந்ததும் கதவைத் திறந்து வைத்து ஐந்து நிமிடம் அப்படியே உட்கார்ந்துவிட்டு எழுந்திருங்கள். கரண்ட் பெரிய செலவில்லை, 1,600 வாட் பெட்டி முக்கால் மணி நேரம் ஓடினால் ஒரு யூனிட் சொச்சம், ஆனால் எர்த் சரியாக உள்ள 16 ஆம்பியர் பிளக் வேண்டும். ஆனி, ஆடி மழையில் மரப்பலகை பூசணம் பிடிக்காமல் துடைத்து வைக்கவும் யாராவது வேண்டும், அந்த வேலையும் உங்கள் தலையில்தான் விழும்.

சாரைப் பொறுத்தவரை, ஸ்டென்ட் வைத்து ஒரு வருடம், நெஞ்சுவலி இல்லை, மாத்திரை ஒழுங்கு என்றால் பல இதய டாக்டர்கள் சம்மதிப்பார்கள். ஆனால் அதைச் சொல்ல வேண்டியது அவரைப் பார்க்கிற டாக்டர், எக்கோ ரிப்போர்ட்டைப் பார்த்துவிட்டு. அதுவரை சாரை உள்ளே விடாதீர்கள். நீங்கள் இந்த வாரமே பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் பாத உணர்ச்சிப் பரிசோதனை பற்றிக் கேளுங்கள், மெல்லிய நைலான் இழையால் உள்ளங்காலைத் தொட்டுப் பார்ப்பார்கள், இரண்டு நிமிட வேலை. போகும்போது மாத்திரை அட்டைகளையும் கையில் எடுத்துக்கொள்ளுங்கள்.